மேலகரத்து வளைவில் காணாமல் போன குரல்

எங்கள் இலாகாப் பத்திரிகைக்கு வயர்லெஸின் எதிர்காலம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று இளைஞர்கள் வந்து கேட்டார்கள். எதிர்காலம் தெரியவேண்டுமானால் ஜோசியக்காரனிடம் போங்கள், என்னிடம் ஏன் வந்தீர்கள் என்றேன். அவர்கள் அசையவில்லை. காரில் டெலிபோன் வரப்போகிறது, பிறகு சட்டைப்பையிலேயே வரப்போகிறது, அந்த ஆராய்ச்சியில்தான் நாங்கள் இருக்கிறோம், நீங்கள் இதன் ஆரம்பத்தில் இருந்தவர் என்றார்கள். ஆரம்பம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆரம்பத்தில் நாங்கள் செய்ததெல்லாம், தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஒரு லாரியை ஓட்டி ஓட்டிச் சண்டை போட்டதுதான். அதைத்தான் என்னால் எழுத முடியும். பிடித்தால் போடுங்கள்.

என் பெயர் செல்லையா. கீழப்பாவூர்க்காரன். வீட்டில் வயல் இருந்தது, அண்ணன்மார் பார்த்துக்கொண்டார்கள். நான் தந்தி அடிக்கப் படித்தேன். பிறகு பட்டாளத்தில் சேர்ந்தேன். வடக்கே ஒரு முகாமில் வயர்லெஸ் மெக்கானிக் வேலை கற்றுக்கொடுத்தார்கள். பாதி பாடம், பாதி வசவு. அந்தக் கதை யாருக்கும் வேண்டாம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கிழக்கே மழைக்காட்டுக்குள் சண்டை. ஓடுகிற வண்டியிலிருந்து தந்தியாக இல்லாமல் வாயால் பேசி, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குக் கேட்கச்செய்ய முடியுமா என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியவேண்டும். மலை, மழை, மரம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கிற ஊர் எது என்று தேடிக் குற்றாலத்தைப் பிடித்தார்கள். ஐந்து பேர் கொண்ட ஒரு சோதனைக் குழுவை அனுப்பினார்கள். அதில் என் பெயர் இருந்தது. உத்தரவைப் பார்த்ததும் முகாமிலேயே குதித்தேன். பட்டாளத்தில் சேர்ந்தவனைச் சொந்த ஊருக்குப் பக்கத்தில், சாரல் அடிக்கிற இடத்தில் வேலைக்குப் போட்டால் குதிக்காமல் என்ன செய்வான்?

குழுவுக்குத் தலைவர் வரதன் சார். கும்பகோணத்துக்காரர். பெரிய படிப்பு. கருவிகளைப் பார்த்துக்கொள்வது நான். பேசுகிற ஆட்கள் இரண்டு பேர். லாரியில் இருந்து பேசுகிறவன் முத்தையா, வீரகேரளம்புதூர். தென்காசியில் உட்கார்ந்து பேசுகிறவன் சங்கரபாண்டி, ஆலங்குளம். முத்தையாவின் தங்கச்சியைச் சங்கரபாண்டிக்குக் கொடுத்திருந்தது. அதனால் முத்தையா அவனை அத்தான் என்பான், அவன் இவனை மாப்ள என்பான். இந்த இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால் நடுவில் வேறு யாரும் ஒரு வார்த்தை நுழைக்க முடியாது. ஒருத்தன் சொல்லி முடிக்கிறவரை இன்னொருத்தன் பொறுத்து நான் பார்த்ததே இல்லை. ஐந்தாவது ஆள் டிரைவர். அவர் யாரோடும் பேசமாட்டார். அது ஒரு பெரிய உதவி.

வரதன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் வேலை பார்த்த மேலதிகாரிகளில் பாதிப் பேர் கத்துகிறவர்கள். மீதிப் பேர் கத்தத் தெரியாததால் மெமோ கொடுக்கிறவர்கள். இவர் இரண்டும் இல்லை. நாம் எதையாவது சொல்ல வந்தால் பென்சிலை எடுத்துக்கொள்வார். கேட்டதைச் சொன்னால் எழுதுவார். "இப்படி இருக்கலாம் சார்" என்று நம் யோசனையைச் சொன்னால் பென்சிலை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரியும். அந்தப் பென்சில் மேஜையைத் தொடுகிற சத்தம் இருக்கிறதே, அதைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

இனி வேலை. தென்காசிக்கு மேற்கே ஒரு வாடகை வீடு. கம்பத்துக்கும் தென்னைமரத்துக்கும் நடுவே ஏரியல். காலையில் முதல் வேலை பாட்டரிகளின் திராவகத்தை மிதவைக் குழாயில் உறிஞ்சி அடர்த்தி பார்ப்பது. பிறகு ஏரியலைத் தாங்குகிற பீங்கான்களை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைப்பது. பிறகு மைக். அதற்குள் கரித்தூள் இருக்கும். சாரல் காற்றுப் பட்டால் தூள் கட்டி தட்டிப்போகும், குரல் கமறும். அதை அரிக்கேன் விளக்கின் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டி, உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காதருகே ஆட்டிப் பார்க்கவேண்டும். மணல் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்டால் சரி.

அந்தக் கருவியில் ஒரே அலை. பேசவும் அதுதான், கேட்கவும் அதுதான். மைக்கில் இருக்கிற சுவிட்சை அமுக்கினால் பேசலாம். விட்டால் கேட்கலாம். அமுக்கிக்கொண்டே கேட்க முடியாது. இது முக்கியம், ஞாபகத்தில் வையுங்கள்.

லாரி குற்றாலம் ரோட்டில் போகும். முன்னால் டிரைவரும் வரைபடத்தோடு வரதன் சாரும். பின்னால் தார்ப்பாய்க்குள் கருவியோடு முத்தையா தனியாக. ஒவ்வொரு பர்லாங்குக் கல்லிலும் லாரி வேகத்தைக் குறைக்கும். முத்தையா சொற்களை வாசிப்பான். குடம், தடம், படம், இடம் என்று ஒன்றுபோல ஒலிக்கிற சொற்கள். தென்காசியில் சங்கரபாண்டி காதில் விழுந்ததை எழுதி, கிடைத்தது என்று சொல்லவேண்டும். வேறு பேச்சுப் பேசக்கூடாது, அது பட்டாள விதி. குரல் அறுந்தால் அதோடு அன்றைய ஓட்டம் முடிந்தது. முந்தின கல்லுக்குத் திரும்பி வந்து, கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டும். நான் அந்த நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

வெயில் காலத்தில் எல்லாம் பொன்னாக நடந்தது. லாரி மேலகரம் தாண்டி, குற்றாலம் போய், அருவி வாசலிலிருந்துகூடக் குடம் குடமாகவே கேட்டது. அருவியில் அப்போது பாறைதான் இருந்தது. வரதன் சார் நல்ல அறிக்கை அனுப்பினார்.

ஆனி பிறந்தது. சாரல் வந்தது. குரல் செத்தது.

எங்கே செத்தது? மேலகரம் தாண்டி ரோடு திரும்புகிற ஒரு வளைவு. அதே இடம். சாரல் இல்லாத நாளில் கேட்கும். சாரல் பிடித்த நாளில் அந்த வளைவில் சுத்தமாக அறுந்துபோகும். முந்தின கல்லுக்கு வந்தால் மறுபடி கணீரென்று கேட்கும். நான் ஏரியலை மாற்றினேன். வால்வுகளை மாற்றினேன். கருவியைப் பிரித்துப்போட்டுப் பூட்டினேன். லாரியிலிருந்து இறங்கினதும் முத்தையா கையை விரிப்பான்.

"அண்ணாச்சி, தொண்டை கிழியக் கத்துனேன். அத்தானுக்கு ஒண்ணும் கேக்கல."

சங்கரபாண்டி உள்ளேயிருந்து வருவான். "நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? கூப்புட்டேன், கூப்புட்டேன், ஒரு சத்தமில்ல. மலைதான் முழுங்குது, வேற என்ன."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஈரமான மலை அலையைக் குடித்துவிடுகிறது. சார் முன்னால் போய் அதைச் சொன்னேன். பென்சில் மேஜைக்குப் போனது.

ஆனால் மதராஸில் இருந்த எங்கள் மேலதிகாரிகள் பென்சிலைக் கீழே வைக்கிற ஜாதி இல்லை. எங்கள் குறிப்புகளைப் பார்த்துவிட்டு அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். மழைமலையில் ஓடுகிற வண்டியிலிருந்து பேசுவது நடக்காத காரியம், ஒரு கர்னல் துரை வந்து கடைசியாக ஒருமுறை பார்ப்பார், வளைவில் குரல் அறுந்தால் குழுவைக் கலைத்துவிடலாம் என்று சேதி வந்தது. கலைத்தால் வரதன் சாரை எங்கேயோ ஒரு கிடங்குக்குக் கணக்குப் பார்க்க அனுப்புவார்கள். எங்களை ஆளுக்கொரு திசையில் தூக்கிப்போடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. இனி யாரும் இந்த வேலையைத் தொடமாட்டார்கள். குற்றாலத்தில் செய்துபார்த்தாச்சு, முடியவில்லை என்று ஒரு வரி இருந்தால் போதும், இந்தத் தேசத்தில் ஒரு வேலை செத்துப்போகும். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு மொத்த மதராஸையும் சத்தம்போட்டுத் திட்டினேன். டிரைவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வரதன் சார் திட்டவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"செல்லையா, மிச்சம் ஒரு ரிசீவர் இருக்கில்ல? அதை எடுத்துண்டு மேலகரத்துக்கும் வளைவுக்கும் நடுவில போய் உட்காருங்க. லாரி செத்துதா, வீடு செத்துதான்னு நமக்குத் தெரியாது. நடுவில ஒரு காது இருந்தா தெரியும்."

போய் உட்கார்ந்தேன். வயலோரம் ஒரு காவல் குடிசை. கூரை ஒழுகியது. ரிசீவர்மேல் குடையைப் பிடித்துவிட்டு நான் நனைந்தேன். நல்ல சாரல். காற்று மலையிலிருந்து தூவானத்தை அள்ளிக்கொண்டு வந்தது. லாரி என்னைத் தாண்டிப் போனது. ஹெட்போனில் முத்தையா வாசித்தான். குடம், தடம், படம். சங்கரபாண்டி, கிடைத்தது என்றான். எல்லாம் ஒழுங்கு.

லாரி வளைவுக்குப் போனது. ஹெட்போனுக்குள் ஒரு விசில் கிளம்பியது. காதைக் கிழிக்கிற விசில். ஒரே அலையில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசினால்தான் நடுவில் இருப்பவனுக்கு அப்படி விசில் கேட்கும். லாரியும் சாகவில்லை, வீடும் சாகவில்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்தினேன். விசிலுக்கு அடியில் இரண்டு குரல்கள்.

"மாப்ள, தண்ணி விழுதா? ஏ மாப்ள! தண்ணி விழுதாவே?"

"அத்தான், கொட்டுதுய்யா! பொங்கிக்கிட்டு விழுது! வெள்ளவெளேர்னு விழுது!"

"என்னவே சத்தத்தக் காணும்? தண்ணி விழுதா இல்லியா?"

"அத்தான், கேக்குதா? ரெண்டு பக்கமும் பிரிஞ்சி விழுது அத்தான்!"

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். சாரல் காலத்தில் குற்றாலத்துப் பக்கமிருந்து யார் வந்தாலும் தென்காசியில் முதல் கேள்வி அதுதான். சுகமா என்பதெல்லாம் பிறகு. அந்த வளைவில்தான் அருவி முதன்முதலில் கண்ணில் படும், மலைமேல் வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி. முத்தையா தார்ப்பாயை விலக்கி அதைப் பார்த்த நொடியில் சுவிட்சை அமுக்குகிறான். லாரி இந்நேரம் வளைவுக்கு வந்திருக்கும் என்று தெரிந்து சங்கரபாண்டியும் அதே நொடியில் அமுக்குகிறான். பதில் வராததால் இரண்டு பேரும் சுவிட்சை விடாமல் கத்துகிறார்கள். வெயில் காலத்தில் தண்ணீர் இல்லை, கேள்வியும் இல்லை, குரல் தப்பித்தது. சாரலில் மலை குடித்தது என்று நாங்கள் நினைத்ததெல்லாம் இந்த இரண்டு பேரின் வாய் குடித்தது.

ரிசீவரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தென்காசிக்கு மிதித்தேன். லாரியும் வந்து சேர்ந்தது. சார் முன்னால் போய் நின்று ஆரம்பித்தேன்.

"சார், இந்த ரெண்டு மூதேவியளும் சேந்து..."

பென்சில் கீழே போனது.

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "விசில் கேட்டுது சார்."

பென்சில் எழுந்தது. "அப்புறம்?"

"ரெண்டு குரல் கேட்டுது. ஒரே நேரத்துல." கேட்டதை அப்படியே, ஏற்ற இறக்கத்தோடு பேசிக் காட்டினேன். சார் எழுதிக்கொண்டே வந்தார். வெள்ளவெளேர் என்ற இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றினார். அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரிக்கத் தெரியாதவர் சிரிக்கிற மாதிரி, சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வர.

என் கோபம் அப்படி ஆறுகிற ஜாதி இல்லை. வெளியே வந்து இரண்டு பேரையும் பிடித்தேன்.

"ஏலே, பட்டாளத்துக் கருவில சொந்தப் பேச்சுப் பேசக்கூடாதுன்னு விதி இருக்கா இல்லியா?"

"இருக்கு அண்ணாச்சி," என்றான் முத்தையா. "ஆனா தண்ணி விழுதது சொந்த விசயமா? அது ஊர் விசயம்லா?"

"அங்கன அருவிய பாத்துக்கிட்டு வாய மூடிட்டு இருக்கச் சொல்லுதேரே, உம்மால முடியுமா?" என்றான் சங்கரபாண்டி. இவன் அருவியைப் பார்க்கவே இல்லை, அறைக்குள் உட்கார்ந்திருந்தவன்.

"நீ ஏம்லே கேட்ட?"

"அவன் சொல்லுவானா மாட்டானான்னு எனக்கு எப்படித் தெரியும்? கேட்டாத்தான சொல்லுவான்."

"கேக்குததுக்கு முன்னாலயே நான் சொல்லிட்டுதான இருந்தேன்!" என்று முத்தையா பாய்ந்தான். உடனே இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டு ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். நடுவில் நான் நின்றேன். வயலோரத்தில் கேட்ட அதே கதை, விசில் ஒன்றுதான் குறை.

சார் புது ஒழுங்கு போட்டார். ஒருவர் பேசி முடித்ததும், முடிந்தது என்று சொல்லவேண்டும். அதைக் கேட்காமல் மற்றவர் சுவிட்சைத் தொடக்கூடாது. வளைவில் லாரி பேசும்வரை வீடு பேசக்கூடாது. மறுநாளே கொட்டுகிற சாரலில் லாரி போனது. வளைவில் குரல் கேட்டது. அருவி வாசலிலும் கேட்டது.

கர்னல் துரை வந்தார். நெட்டை ஆள். வரும்போதே பெட்டி கட்டச் சொல்ல வந்தவர் மாதிரிதான் இருந்தார். யாரும் யாருக்கும் சைகை காட்டக்கூடாது என்று வரதன் சாரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, தானே லாரியின் பின்பக்கம் ஏறி முத்தையா பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டில் சங்கரபாண்டி மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் எஞ்சினை நிறுத்திவிட்டு அவன் பின்னால், சார் ஜன்னலோரம்.

கல்லுக்குக் கல் சொற்கள் வந்தன. மேலகரம் தாண்டியது. பிறகு ஒன்றும் வரவில்லை.

லாரி வளைவில்தான் இருக்கவேண்டும். சத்தமில்லை. சங்கரபாண்டி சாரைப் பார்த்தான். சார் அசையவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. முத்தையாவுக்கு நான் கொடுத்த வசவில், துரை பக்கத்தில் இருக்கிற பயத்தில், அவன் சுவிட்சைத் தொடவே பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். இவனுக்கோ, லாரி பேசும்வரை பேசக்கூடாது என்று உத்தரவு. முதலில் இரண்டு பேரும் பேசிக் கெடுத்தார்கள். இப்போது இரண்டு பேரும் பேசாமல் கெடுக்கிறார்கள். சங்கரபாண்டி தோளில் கிடந்த துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டான்.

"சார், நான் பேசுதேன்," என்று மைக்குக்குக் கை நீட்டினேன்.

"பொறுங்க."

"அங்க குழு கலையப்போவுது சார்!"

"பொறுங்க, செல்லையா."

கறகறவென்று ஒலிபெருக்கி உயிர்பெற்றது. முத்தையா குரல் இல்லை. இங்கிலீஷ். துரையின் குரல்.

"வீட்டில் யார் இருக்கிறீர்கள்? இங்கே மலையிலிருந்து தண்ணீர் விழுகிறது. அற்புதமாக விழுகிறது. நான் இப்படிப் பார்த்ததே இல்லை. கேட்கிறதா? முடிந்தது."

சங்கரபாண்டி துண்டைத் துப்பிவிட்டுச் சுவிட்சை அமுக்கினான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "எஸ் சார்! வாட்டர், வெரி குட் சார்! முடிந்தது சார்!"

நான் எஞ்சின் கொட்டகைக்குப் போய் யாரும் பார்க்காத இடத்தில் ஒரு ஆட்டம் போட்டேன்.

சாயங்காலம் துரை அருவியில் குளித்துவிட்டு, தலை ஈரத்தோடு வந்தார். ஆனால் ஆள் விடவில்லை. முன்பு சாரலில் அறுந்தது ஏன் என்று கேட்டார். வரதன் சார் மறைக்கவில்லை. விசிலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். சங்கரபாண்டி முகம் செத்துவிட்டது.

"ஆக, மலைமேல் குற்றமில்லை. உங்கள் ஆட்கள் மேல்தான்," என்றார் துரை.

"ஆட்கள்மேலும் இல்லை," என்றார் சார். "வளைவில் தாங்களும் பொறுக்க முடியாமல் சுவிட்சை அமுக்கினீர்கள். மனுஷர்கள் அப்படித்தான் பேசுவார்கள். முறைவைத்துப் பேச அவர்களுக்குப் பழக்கிவிட்டேன், இன்று நடந்தது. நாளைக்கு ஆயிரம் வண்டிகளில் இதை வைத்தால் ஆயிரம் பேருக்குப் பழக்க முடியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் இரண்டு பேருக்கும் கேட்கிற கருவி வேண்டும். போக ஒரு அலை, வர ஒரு அலை. இங்கேயே செய்து பார்க்கிறோம். ஆட்களும் இருக்கிறார்கள், இவர்களைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைக்கமாட்டார்கள்."

துரை முத்தையாவையும் சங்கரபாண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். குழு இருக்கட்டும், கருவிகள் வரும் என்றார்.

கருவிகள் வந்தன, ஆனால் அரைகுறையாக. ஒரு வருஷம் அந்த வீட்டிலேயே கிடந்தேன். பேசுகிற அலை கேட்கிற அலைமேல் ஏறி மிதித்தது. இரண்டு ஏரியல் வைத்தேன், தள்ளி வைத்தேன், நடுவில் தகரத் தட்டி அடித்தேன், வடிகட்டிச் சுருள்களைக் கையால் சுற்றினேன். சுற்றினதைப் பிய்த்தேன். என் வாழ்நாளில் அந்த ஒரு வருஷம் திட்டின மாதிரி வேறெப்போதும் திட்டியதில்லை. அந்த ஒரு வருஷம் மாதிரி சந்தோஷமாக இருந்ததும் இல்லை.

அடுத்த ஆனி. லாரியிலும் வீட்டிலும் இரண்டு அலைக் கருவி ஏறிவிட்டது. காலையிலிருந்தே சாரல். இந்த முறை நான் லாரியின் பின்னால் முத்தையா பக்கத்தில், ஒரு காதில் ஹெட்போனோடு. கேட்டதை எழுதுவது என் வேலை. மேலகரம் தாண்டினோம். லாரி வளைந்தது. முத்தையா தார்ப்பாயை விலக்கினான். மலைமேல் வெள்ளைக் கோடு இல்லை, வெள்ளை வேட்டியையே உலர்த்திப் போட்ட மாதிரி கொட்டியது.

"அத்தான்..." என்று இவன் ஆரம்பிக்கும்போதே ஹெட்போனில், "மாப்ள, தண்ணி விழுதா?" என்று அவன்.

"விழுதுய்யா, பொங்கி விழுது!"

"பாறைய மூடிட்டா?"

"மூடிட்டு அத்தான், ஆளு நிக்க முடியாது!"

"நிக்க முடியாதுன்னா நீ எதுக்குவே போற, உன் தங்கச்சியல்லா கூட்டிட்டுப் போவணும்னு நான் இருக்கேன்!"

"அவளக் கூட்டிட்டு வாரும், வேண்டாம்னா சொன்னேன்!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் கேட்டார்கள், ஒரே நேரத்தில் சிரித்தார்கள். லாரி அருவி வாசலுக்குப் போய் நின்ற பிறகும் நிறுத்தவில்லை. முன்னால் இருந்து வரதன் சார் இறங்கிச் சாரலில் நனைந்துகொண்டே பின்பக்கம் வந்தார். அவர் கையில் பென்சில் இல்லை.

"என்ன கேட்டுது, செல்லையா?"

"எல்லாம் கேட்டுது சார். ஒரு எழுத்து விடாமக் கேட்டுது. எழுதத்தான் முடியல, இவனுவ நிறுத்த மாட்டேங்கானுவ."

"நிறுத்தச் சொல்லாதீங்க," என்றார் சார். சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அருவிக்கு நடந்தார்.